தானே பல் துலக்கும் வயது

பெரியவர் கை படாமல், ஒரு குழந்தை தன் வாயிலுள்ள எல்லாப் பற்களையும் எல்லாப் பக்கமும் சுத்தமாகத் தேய்த்து முடிக்கிற பருவமே தானே பல் துலக்கும் வயது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது ஏழு, எட்டு வயதில் கூடிவரும். சிலருக்கு ஒன்பது பத்துகூட ஆகும். பிரஷ்ஷைத் தன் கையில் பிடிக்க வேண்டும் என்ற ஆசையோ ஒன்றரை வயதிலேயே வந்துவிடுகிறது. ஆசை வந்த நாளுக்கும் கை பழகிய நாளுக்கும் இடையில் ஐந்தாறு ஆண்டுகள் இருக்கின்றன. அந்த ஆண்டுகளில் பிரஷ் யார் கையில் இருந்தது என்பதைப் பொறுத்தே பல பிள்ளைகளின் கடைவாய்ப் பல் நிலைக்கிறது, அல்லது கெடுகிறது.

இந்தியப் பல் மருத்துவ மன்றம் 2002-03இல் நடத்திய தேசிய வாய்நலக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுப் பிள்ளைகளில் 51.9 விழுக்காட்டினருக்கும் பன்னிரண்டு வயதினரில் 53.8 விழுக்காட்டினருக்கும் சொத்தைப் பல் இருந்தது. நாட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒன்று என்ற கணக்கு இது. இதற்கு இனிப்பும் காரணம், பாட்டில் பாலும் காரணம். பிள்ளை பெரிதாகிவிட்டது என்று நாம் சீக்கிரமே கையை எடுத்துக்கொள்வதையும் அவற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரு காலை நேரம்

ஆவடி மாநகராட்சியைச் சேர்ந்த சேக்காட்டில், காலை ஏழு மணிக்கு ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளலாம். அப்பா முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். அம்மா ஒரு அடுப்பில் தோசைக்கல்லும் மறு அடுப்பில் சாம்பாருமாக நிற்கிறார். முடித்துவிட்டு அவரும் மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டும். ஆறு வயதுப் பையன் கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் ஏறி வாஷ்பேசின் முன்னால் நிற்கிறான். பிரஷ்ஷை முஷ்டியில் இறுக்கிப் பிடித்து, கண்ணாடியில் தெரிகிற முன்பல்லை மட்டும் இடமும் வலமுமாக ஏழெட்டுத் தடவை இழுக்கிறான். நடுவில் பேஸ்ட்டைக் கொஞ்சம் சப்புகிறான். பிரஷ்ஷைக் கடைவாயில் வைத்து இரண்டு முறை மெல்லுகிறான். துப்புகிறான்.

“நல்லா தேச்சியாடா?”

“தேச்சுட்டேன்மா!”

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்த வரையில் தேய்த்துத்தான் இருக்கிறான். அரை நிமிடம்கூட ஆகியிராது. கீழ்வரிசையின் உள்பக்கம், மேல் கடைவாயின் கன்னப்பக்கம், ஈறு ஓரம் எதையும் பிரஷ் தொடவில்லை. அந்தப் பிரஷ்ஷே இதைக் காட்டிக்கொடுத்துவிடும். வாங்கி ஒரு மாதம் ஆவதற்குள் அதன் நார்கள் நாலு பக்கமும் விரிந்து கிடந்தால், அது மெல்லப்பட்ட பிரஷ் என்று அறியலாம்.

கை எப்போது பழகும்

சிறு குழந்தைக்குத் தோளும் முழங்கையும்தான் முதலில் வசப்படுகின்றன. மணிக்கட்டும் விரல்நுனியும் கடைசியில்தான் வசப்படும். மேல் கடைவாயின் உள்பக்கத்தைத் தேய்க்க மணிக்கட்டைத் திருப்ப வேண்டும், பிடியை மாற்ற வேண்டும், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பிரஷ் எங்கே நிற்கிறது என்பதை நாக்காலும் ஈறாலும் உணர வேண்டும். முஷ்டியில் பிரஷ் பிடிக்கிற கைக்கு இதெல்லாம் எட்டாது. விரல்களுக்கு இடையில் வைத்துச் சுழற்றும் பிடி வந்தால்தான் முடியும்.

மேல்நாட்டு மருத்துவர்கள் இதற்கு ஓர் அடையாளம் சொல்வார்கள்: ஷூ லேஸைத் தானே கட்டத் தெரிந்த பிள்ளைக்குப் பல் துலக்கவும் கை வந்திருக்கும் என்று. செருப்பும் ஒட்டும் பட்டை வைத்த ஷூவும் போடுகிற நம் பிள்ளைகளை இதை வைத்து அளப்பது கடினம். அதற்குப் பதிலாக வேறு சிலவற்றைக் கவனிக்கலாம். சட்டையின் மேல் பொத்தானைக் குனிந்து பார்க்காமல் போடுகிறானா? ரசம் சோற்றைத் தானே பிசைந்து, மேலே சிந்தாமல் உண்டு எழுகிறாளா? எல்லாவற்றையும்விட, எழுத்தைப் பார்க்கலாம். ‘இ’யின் சுழியும் ‘ண’வின் மூன்று வளைவும் இரட்டைக்கோட்டு நோட்டில் கோட்டைத் தாண்டாமல், இடையில் பென்சிலைத் தூக்காமல் வருகின்றனவா? வந்தால், மணிக்கட்டு திரும்பப் பழகிவிட்டது என்று கொள்ளலாம். முதல் வகுப்பில் இந்தச் சுழி பெரும்பாலும் கோணலாகத்தான் வரும். மூன்றாம் வகுப்பில் ஓரளவு நேராகிவிடும். பல் துலக்கும் கையும் அந்த அளவில்தான் தேறுகிறது.

பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை, குறைந்தது ஏழு வயது வரை பெற்றோரே துலக்கிவிட வேண்டும் அல்லது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்கிறது. அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவர்களும் ஏழு எட்டு வயதையே சொல்கிறார்கள். வயது ஒரு கணக்குதான். கையைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

ஆறாம் வயதுக் கடைவாய்ப் பல்

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

பால் பற்கள் மொத்தம் இருபது. ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் தொடங்கி இரண்டரை, மூன்று வயதுக்குள் எல்லாம் முளைத்துவிடும். ஆறு வயதை ஒட்டிக் கீழ் முன்பல் ஆடத் தொடங்குகிறது. அது விழும்போது வீடே கவனிக்கிறது. விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிகிற வழக்கம் இன்றும் பல ஊர்களில் உண்டு. ஆனால் ஏறக்குறைய அதே மாதங்களில், வாயின் ஆழத்தில், கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால், மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு பெரிய பற்கள் முளைக்கின்றன. அவற்றுக்கு இடம் விட எந்தப் பல்லும் விழுவதில்லை. வலியும் பெரிதாக இருப்பதில்லை. அதனால் யாருக்கும் தெரிவதில்லை. இவை பால் பற்கள் அல்ல. விழுந்து மறுபடி முளைக்கிறவையும் அல்ல. அறுபது எழுபது வயது வரை மெல்லுவதற்கு இருக்கிற நிலைப்பற்கள்.

தமிழ்நாட்டில் பிள்ளை முதல் வகுப்பில் சேர்வதும் இந்த வயதில்தான். “ஸ்கூலுக்குப் போறான், இனி அவனே தேய்ச்சுப்பான்” என்று வீட்டார் விட்டுவிடுவதும் இதே சமயத்தில்தான். வாய்க்குள் விலைமதிப்பற்ற பல் தலைகாட்டும்போது அதைத் தேய்க்கும் பொறுப்பு, அது முளைத்திருப்பதையே அறியாத ஒருவனிடம் போய்விடுகிறது.

அந்தப் பல்லுக்கு இன்னும் சில இடர்கள் உண்டு. புதிதாக முளைத்த பல்லின் எனாமல் முழுதாக முதிர்ந்திராது. எச்சிலிலுள்ள கால்சியமும் ஃப்ளோரைடும் மெல்ல மெல்ல அதை உறுதியாக்க வேண்டும். மெல்லும் பரப்பில் ஆழமான பள்ளங்களும் கீற்றுகளும் இருக்கும். ஈறைக் கிழித்துத் தலைகாட்டிய பிறகு எதிர்ப்பல்லோடு சேர்ந்து கடிக்கிற உயரத்துக்கு வர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதுவரை அது பக்கத்துப் பால் பல்லைவிடத் தாழ்ந்தே நிற்கும். வரிசையோடு முன்னும் பின்னும் இழுக்கிற பிரஷ் அதன் மேலே பாலம் போலத் தாண்டிப் போய்விடும். இந்தப் பல்லை மட்டும் பிரஷ்ஷைக் குறுக்காகத் திருப்பி, கன்னப்பக்கத்திலிருந்து உள்ளே நுழைத்துத் தேய்க்க வேண்டும். ஆறு வயதுக் கைக்கு அது வராது.

சொத்தை விழுந்த பிறகு பிள்ளையை அழைத்துவரும் பெற்றோர் பலர், “பால் பல்லுதானே டாக்டர், விழுந்து முளைச்சிடும்” என்று நம்பிச் சொல்கிறார்கள். அது நிலைப்பல் என்று கேட்டதும் அவர்கள் முகம் வாடிப்போகும். அவர்கள் அலட்சியக்காரர்கள் அல்லர். அந்தப் பல் வந்ததை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பால் பல்லே ஆனாலும் கடைவாயில் உள்ளது ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயதில்தான் விழும். ஐந்து வயதில் கெட்டால் பிள்ளை பல ஆண்டுகள் ஒரு பக்கமாகவே மெல்ல வேண்டியிருக்கும்.

இந்தப் பல்லின் பள்ளங்களைப் பிசின் பூசி மூடுவதும் உண்டு. மருத்துவர்கள் அதை ‘சீலன்ட்’ என்பார்கள். துளையிட வேண்டாம், ஊசி வேண்டாம், வலிக்காது. பல் முழுதாக வெளியே வந்ததும் செய்துவிடுவது நல்லது.

யார் கை, எந்த நேரம்

ஜப்பானில் இதற்கென்றே ஒரு சொல் உண்டு: ‘சியாகே மிகாகி’. முடிப்புத் துலக்கல் என்று சொல்லலாம். குழந்தை முதலில் தானே தேய்க்கும். பிறகு தாயோ தந்தையோ அதை மடியில் சாய்த்து மறுபடி தேய்த்து முடிப்பார்கள். பிள்ளையின் ஆசையும் கெடாது, பல்லும் கெடாது. “முதல்ல நீ, அப்புறம் நான்” என்று நம் வீட்டிலும் இதைச் சொல்லிவிடலாம்.

மூன்று வயது வரை குழந்தையை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலை நம் வயிற்றுப்பக்கம் இருக்கத் துலக்குவது எளிது. வாயின் உள்ளே நன்றாகத் தெரியும். வளர்ந்த பிள்ளை என்றால் பின்னால் நின்றுகொள்ள வேண்டும். அதன் தலை நம் மார்பில் சாயட்டும், ஒரு கை தாடையைப் பிடித்துக்கொள்ளட்டும், மறுகை துலக்கட்டும். எதிரே நின்று துலக்கினால் தலை பின்னுக்கு நழுவிக்கொண்டே போகும்.

காலையில் நேரம் இல்லை என்பது உண்மை. வேன் வந்து ஹாரன் அடிக்கிற வேளையில் இரண்டு நிமிடம் நின்று துலக்கச் சொல்வது நடக்காத காரியம். ஆகவே காலைத் துலக்கலைப் பிள்ளையிடமே விட்டுவிடலாம். இரவுத் துலக்கலைப் பெரியவர் எடுத்துக்கொள்ளட்டும். தூக்கத்தில் எச்சில் சுரப்பு குறைந்துவிடுவதால், பல்லில் ஒட்டிய மாவும் இனிப்பும் கழுவப்படாமல் கிருமிகளுக்கு இரவு முழுதும் தீனியாகின்றன. அவை விடும் அமிலம் எனாமலை அரிக்கிறது. பூச்சிப் பல் என்று நாம் சொல்லும் பூச்சி, கண்ணுக்குத் தெரியாத இந்தக் கிருமிதான். தமிழ் வீடுகளில் பல் துலக்குவது காலைக் கடனாகவே இருந்துவந்திருக்கிறது. பெருவாயின் முள்ளியாரின் ‘ஆசாரக்கோவை’கூட அதிகாலையில் குச்சி மென்று கண் கழுவுவதைத்தான் சொல்கிறது. இரவில் துலக்குவது நமக்குப் புதுப் பழக்கம். பிள்ளையோடு சேர்ந்து பெரியவர்களும் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

பிள்ளைக்குக் கற்றுத்தர ஏற்ற முறை வட்டம் போடுவது. பல்லைக் கடித்தபடி வைத்து, பல்லும் ஈறும் சேர்ந்து மறையும்படி பெரிய வட்டமாகச் சுழற்றுவது. 1913இல் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் பல் சுகாதாரப் பணியாளர்களுக்கான முதல் பள்ளியைத் தொடங்கிய ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் பெயரால் இது வழங்குகிறது. அவர் பயிற்றுவித்த பெண்கள் அந்நகரப் பள்ளிகளுக்குச் சென்று பிள்ளைகளுக்குத் துலக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மாவாட்டும் கல் சுற்றுவதுபோல என்று சொன்னால் நம் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்.

குச்சி, பொடி, பேஸ்ட்

ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் பெரியவர்களுக்கு உதவியிருக்கின்றன. நுனியை மென்று தூரிகையாக்கத் தாடையில் வலு வேண்டும். சிறுபிள்ளைகளுக்கு அதனால் சாம்பலும் உமிக்கரியும் பின்னாளில் பல்பொடியும்தான் வாய்த்தன. நடுத்தர வயதுத் தமிழர் பலர் கோபால் பல்பொடியை உள்ளங்கையில் கொட்டி ஆள்காட்டி விரலால் தொட்டுத் தேய்த்து வளர்ந்தவர்கள்தாம். அதில் பாதி நாக்கில் கரைந்து போனதும் அவர்களுக்கு நினைவிருக்கும். விரல் ஈறைத் தடவிக் கொடுக்கும். பல் பள்ளத்துக்குள் நுழையாது. கரியும் செங்கல் பொடியும் எனாமலைத் தேய்த்துவிடும். புகையிலை கலந்த பல்பொடியும் பேஸ்ட்டும் 1992இல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டன. வீட்டுப் பெரியவர் பழக்கத்தில் அப்படி ஏதும் இருந்தால் பிள்ளையின் வாயருகே கொண்டுவரக் கூடாது.

பேஸ்ட்டில் அளவே முக்கியம். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு. மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் நீளத்துக்கும் பிதுக்க வேண்டியதில்லை. இந்தியச் சட்டப்படி பேஸ்ட்டில் ஃப்ளோரைடு 1000 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது. அந்த எண்ணை டியூபிலும் அட்டைப்பெட்டியிலும் அச்சிட்டிருக்க வேண்டும். சில குழந்தைப் பேஸ்ட்டுகளில் ஃப்ளோரைடே இருப்பதில்லை. படத்தையும் வாசனையையும் பார்த்து வாங்காமல் அந்த எண்ணைத் தேடிப் பார்த்து வாங்க வேண்டும். துலக்கியபின் நன்றாகத் துப்பினால் போதும். வாய் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்தால் பல்லில் நிற்க வேண்டிய ஃப்ளோரைடும் போய்விடும். தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு மிகுதி. அங்கிருந்து வந்து சேக்காட்டுப் பக்கம் குடியேறியவர்கள் ஊரில் கேட்ட எச்சரிக்கையை நினைத்து இங்கும் பேஸ்ட்டைத் தவிர்க்க வேண்டியதில்லை. பிள்ளை விழுங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். அங்கேயே வசிப்பவர்கள் மருத்துவரைக் கேட்டு முடிவுசெய்வது நல்லது.

கூடுதல் காலம் வேண்டியவர்கள்

பெருமூளை வாதம், ஆட்டிசம், டவுன் நோய்க்குறி உள்ள பிள்ளைகளுக்கு ஏழு எட்டு என்ற கணக்கு பொருந்தாது. சிலருக்குப் பதின்ம வயதிலும் அதற்குப் பின்னும் துணைக்கை வேண்டும். பிரஷ்ஷின் காம்பில் துணியோ சைக்கிள் கைப்பிடி ரப்பரோ சுற்றித் தடிமனாக்கினால் பிடிக்க எளிதாகும். நுரையும் காரமும் சில ஆட்டிசப் பிள்ளைகளுக்குத் தாங்காது. அவர்களுக்கு நுரை குறைந்த, வாசனையற்ற பேஸ்ட் உதவும். இவர்களுக்குத் துலக்கிவிடுகிற தாயின் முதுகுவலியை நினைக்கும்போது, அந்த இரண்டு நிமிடத்தை வீட்டிலுள்ள மற்றவர்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றே சொல்லத் தோன்றுகிறது.

காட்டும் இடம்

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வர வேண்டும். அவர்கள் பார்க்க வேண்டியவற்றில் பல்லும் ஒன்று. குழு வருகிற நாளில் ‘ஆறாம் வயதுப் பல் வந்துவிட்டதா’ என்று கேட்கச் சொல்லிப் பிள்ளையை அனுப்பலாம். சென்னையின் மேற்குப் புறநகரில் பல் மருத்துவக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. வேலப்பன்சாவடியில் சவீதா, முகப்பேர் பக்கம் தாய் மூகாம்பிகை இரண்டிலும் குழந்தைப் பல் மருத்துவப் பிரிவுகள் உண்டு. 1953இல் தொடங்கிய அரசுப் பல் மருத்துவக் கல்லூரி கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது.

கையை விடுவது ஒரே நாளில் நடக்கிற காரியம் அல்ல. எட்டு வயதில் வாரம் இரண்டு இரவு மட்டும் நாம் துலக்கலாம், மற்ற நாள் நின்று பார்த்தால் போதும். பிறகு வாரம் ஒருமுறை நகத்தால் ஈறு ஓரத்தைச் சுரண்டிப் பார்க்கலாம். வெள்ளையாக ஒட்டி வந்தால் அந்த இடத்தைப் பிள்ளைக்கே கண்ணாடியில் காட்டி மறுபடி தேய்க்கச் சொல்லலாம். பத்து வயதில் அதையும் நிறுத்திவிடலாம். பன்னிரண்டு வயது வாக்கில், ஆறாம் வயதுப் பல்லுக்கும் பின்னால் அடுத்த கடைவாய்ப் பல் அதேபோல் ஓசையில்லாமல் முளைக்கும். அந்தச் சில மாதங்கள் மட்டும் மொபைல் டார்ச்சை எடுத்துக்கொண்டு, பெரிய பிள்ளையாகிவிட்டவனை மறுபடி ‘ஆ’ காட்டச் சொல்ல வேண்டியிருக்கும்.