பிரபவ ஆண்டில் எழுந்த மண்டபம்

தீபாவளித் திருநாளின் வைகறையில், பாவாபுரியில் வர்த்தமான மகாவீரர் வீடுபேறெய்திய நிகழ்வை நினைந்து நாம் விளக்கேற்றுகிறோம். அடுத்த நாள் வீர நிர்வாண ஆண்டு பிறக்கிறது. கி.மு. 527-ஐத் தொடக்கமாகக் கொண்ட இவ்வாண்டுக் கணக்கில் 2551 நிறைவுற்று, 2552 தொடங்கியுள்ளது. வணிகர் புதுக்கணக்கு எழுதும் காலமும் இதுவே. வரவு செலவுக் கணக்கோடு வினைக் கணக்கையும் பார்க்கப் பணிப்பது நம் அறநெறி. 'பிரதிக்கிரமணம்' என்னும் சொல்லுக்குத் திரும்பி வருதல் என்பது பொருள். நாள்தோறும் செய்வது, பக்கந்தோறும் செய்வது எனப் பல வகைப்படும் அதனுள், ஆண்டுக்கு ஒருமுறை செய்வது சாம்வத்சரிகம் எனப்படும். கழிந்த ஆண்டைத் திரும்பிப் பார்ப்பது இவ்வாறு நமக்கு நோன்பாகவே விதிக்கப்பட்டுள்ளது.

இக்கருத்தோடு காஞ்சியின் வரலாற்றை நோக்கினால், நம் முன்னோர் தம் ஆண்டுகளை எங்ஙனம் பதிந்து வைத்தனர் என்பது விளங்கும்.

வேகவதி ஆற்றின் அக்கரையில் அமைந்த திருப்பருத்திக்குன்றம், ஜின காஞ்சி என வழங்கும் சிறப்புடையது. ஆறாம் நூற்றாண்டிலேயே பல்லவ மன்னன் சிம்மவர்மன், பருத்திக்குன்றில் வாழ்ந்த வச்சிரநந்தி முனிவருக்கு நிலக்கொடை அளித்த செய்தியைப் பள்ளன்கோயில் செப்பேடு கூறுகிறது. அதில் காலத்தைக் குறிப்பது அம்மன்னனின் ஆட்சியாண்டு. அரசன் மறைந்தால் அவ்வெண்ணும் நின்றுவிடும்.

விசயநகரக் காலத்தில் வேறொரு முறையைக் காண்கிறோம். வைசய தண்டநாதரின் மகனும், விசயநகர அரசின் அமைச்சரும் படைத்தலைவருமான இருகப்பர், துந்துபி ஆண்டில் மகேந்திரமங்கலம் என்னும் ஊரை இங்குள்ள திரைலோக்கியநாதர் ஆலயத்திற்கு வழங்கினார். பின்னர்ப் பிரபவ ஆண்டில், தம் ஆசிரியர் புட்பசேன முனிவரின் அருளாணைப்படி, அவ்வாலயத்தில் சங்கீத மண்டபத்தை எடுப்பித்தார். இம்முனிவர், மேருமந்தர புராணம் இயற்றிய வாமன முனிவரின் மாணவர் என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது.

இங்கு ஓர் ஐயம் எழும். பிரபவ ஆண்டு அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. 1327-இலும் வந்தது, 1387-இலும் வந்தது, 1447-இலும் வந்தது. மண்டபம் எழுந்தது எந்தப் பிரபவம்? ஆண்டின் பெயரை மட்டும் கொண்டு இதனை அறிய இயலாது. ஆனால் இதே இருகப்பர் விசயநகரத் தலைநகரில் குந்துநாதருக்கு ஓர் ஆலயம் எடுப்பித்தார். அங்குள்ள விளக்குத் தூண் கல்வெட்டு சக ஆண்டு 1307 என்று எண்ணாலும் குறிக்கிறது, அது கி.பி. 1385–86 ஆகும். ஆகவே துந்துபி 1382 என்றும், பிரபவம் 1387 என்றும் ஆய்வாளர் தெளிந்தனர். ஆண்டு தன்னை அடையாளம் காட்டவில்லை. செய்தவர் பெயரும் செய்த அறமுமே ஆண்டை அடையாளம் காட்டின. அறுபதில் ஒன்றாகச் சுழன்று மறைய வேண்டிய ஓர் ஆண்டு, ஓர் அறத்தால் காலத்தில் நிலைபெற்றது.

அம்மண்டபத்தின் விதானத்தில் பிற்காலத்தே தீட்டப்பெற்ற ஓவியங்களை நம்மவர் அனைவரும் கண்டிருப்பர். இடப தேவர், வர்த்தமானர் ஆகியோர் வரலாறும், நேமிநாதரோடு கண்ணன் கதையும் அங்கே வரிசையாக அமைந்துள்ளன. துறவிக்கு உணவளித்ததற்காக இல்லத்தினின்றும் வெளியேற்றப்பட்ட அக்கினிலை, தன் இரு மைந்தரோடு மலையேறி, பின்னர்த் தருமதேவி என்னும் இயக்கியான கதையும் உண்டு. படங்களின் கீழே விளக்கக் குறிப்புகள் எழுதப்பட்டிருந்தன. அவற்றைத் தொல்லியல் அறிஞர் டி.என். இராமச்சந்திரன் ஆராய்ந்து எழுதிய நூலைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1934-இல் வெளியிட்டது. ஓவியங்களிற் சில இன்று மங்கியும் உதிர்ந்தும் போயின. எனினும் அந்நூலைக் கொண்டு அவற்றைப் படிக்க இயல்கிறது.

எழுதி வைக்கப்படாதவற்றின் நிலை அதுவன்று. இதனை நான் கழிந்த ஆண்டில் என் இல்லத்திலேயே உணர்ந்தேன். என் பெரியம்மா இளமையில் அம்மண்டபத்தின் கீழ் அமர்ந்து தம் பாட்டியிடம் கதை கேட்டவர். எந்தக் கட்டத்தில் எந்தக் கதை, எந்த இடத்தில் எந்தப் பாட்டைப் பாட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பள்ளியில் முப்பதாண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்த நான், ஓய்வு பெற்றபின் அவற்றை எழுதிக்கொள்ளலாம் என்றிருந்தேன். ஓய்வு பெற்றபின் அடுத்த விடுமுறைக்கு என்று தள்ளினேன். கடந்த தைத் திங்களில் அவர் மறைந்தார். நான் எழுதியிருந்தவை இரண்டே பக்கங்கள். ஆண்டிறுதிக் கணக்கில் என் பெயரின்கீழ் முதலில் எழுத வேண்டிய குற்றம் இதுவே.

இக்குற்றம் என் ஒருவனுடையதாக இருந்தால் இங்கே எழுதியிரேன். நம் குடும்பங்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்தும் சென்றுவிட்டன. ஊரில் முதியோர் சிலரே உள்ளனர். எந்தக் கோயிலில் யார் விளக்கு வைத்தனர், எந்தச் சுவடி யார் இல்லத்தில் இருந்தது, நோன்பு நாளில் எதைப் பாடினர் என்பன அவர்கள் நினைவில் மட்டுமே வாழ்கின்றன.

காஞ்சி நெசவாளர், தறியில் பாவு முடியுங்கால் பழைய பாவை முழுதும் அறுத்து எறிவதில்லை. அதன் கடைநுனிகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பர். பழைய நுனி கையில் இருக்கும்வரைதான் அப்பிணைப்பு இயலும். புத்தாண்டும் அத்தகையதே.

ஆகவே பிறந்துள்ள இவ்வாண்டில் ஒவ்வொரு குடும்பமும் தன் முதியோரிடம் கேட்டு ஒரு பக்கமேனும் எழுதுக. நாளையும் ஆண்டையும் எண்ணாலும் எழுதுக. சொன்னவர் பெயரையும் எழுதுக. நம் அறக்கட்டளை அவற்றைத் தொகுத்துப் பேணலாம். 1387-ஐ ஒரு மண்டபம் காத்தது. 2552-ஐ நம் ஏடுகள் காக்கட்டும்.

அருகன் அறம் ஓங்குக!