கேள்வியால் வளர்ந்த சங்கங்கள்

திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதனையடுத்துக் கல்லாமையைக் கூறி, 42ஆம் அதிகாரத்தைக் ‘கேள்வி’ என அமைத்தார். கேள்வி என்னும் சொல் செவியால் கேட்டறிதலையும் குறிக்கும். வாயால் வினவுதலையும் குறிக்கும். பள்ளிக்கூட வாயில் அடைக்கப்பட்டிருந்த காலத்தில் நம் முன்னோர்க்கு இவ்விரண்டுமே பள்ளிக்கூடமாயின. நம் சங்கம் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில் அவ்வரலாற்றை இளைஞர்கள் அறிந்துகொள்ளுதல் நன்றெனக் கருதுகிறோம்.

அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) தமிழிலும் சித்த மருத்துவத்திலும் வல்லவர். 1891ஆம் ஆண்டில் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைத் தோற்றுவித்தார். மறு ஆண்டு சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் மகாஜன சபை கூடியபோது, நீலகிரிப் பிரதிநிதியாகச் சென்று அமர்ந்தார். கோயில்கள் பொதுவெனில் நம்மவரை உள்ளே விடாத காரணம் யாதென வினவினார். உங்களுக்கென்று வேறு சிறுதெய்வங்கள் உள்ளனவே என்பது தஞ்சைப் பிரதிநிதி ஒருவர் தந்த விடை. அத்தெய்வங்கள் தமக்கு வேண்டா எனக் கூறிய பண்டிதர், நம் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும், ஊர்தோறும் கிடக்கும் தரிசு நிலமும் வேண்டுமெனக் கேட்டார். இந்நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் அவரே எழுதி வைத்துள்ளார்.

பிறர் கூட்டும் சபையில் நம் வினா விருந்தாளியாகவே நிற்கும். அதற்கு உரிமையுள்ள வீடு நம் சபையே. இவ்வுண்மையைப் பண்டிதரின் பிற்காலப் பணிகள் காட்டுகின்றன. 1898ஆம் ஆண்டில் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று பௌத்தம் தழுவித் திரும்பியவர், சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 ஜூன் 19ஆம் நாள் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். ஓராண்டு கழிந்தபின் அது ‘தமிழன்’ எனப் பெயர் பெற்றது.

அவ்விதழின் தனிச்சிறப்பு வாசகர்தம் வினாக்களுக்கு அது தந்த இடமாகும். சாதிப் பெயர்கள் வந்த விதம், பண்டிகைகளின் தோற்றம், நூல்களின் பொருள் என்றிவ்வாறு எழுந்த ஐயங்களுக்குப் பண்டிதர் இதழிலேயே விடை பகர்ந்தார். அவ்விடைகள் அனைத்தையும் இன்றைய ஆராய்ச்சியாளர் ஒப்புவதில்லை. ஆயினும், தனக்குச் சொல்லப்பட்டதை அப்படியே நம்பாமல் ‘ஏன்?’ என்று கேட்கும் துணிவை அவ்விதழ் ஊட்டியது என்பதில் ஐயமில்லை.

கோலார் தங்கவயல், பெங்களூர், திருப்பத்தூர், கடல் கடந்த இரங்கூன் முதலிய இடங்களில் சங்கத்தின் கிளைகள் எழுந்தன. பூமிக்கடியில் பொன் வெட்டிய தொழிலாளர்கள், மேலே வந்து சங்கம் கூடி அறிவு தேடினர். எழுத்தறிந்த ஒருவர் படிக்க, அறியாத பலர் கேட்டனர். பண்டிதர் மறைந்தபின் நின்றுபோன ‘தமிழன்’ இதழை, 1926ஆம் ஆண்டில் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிக்கொணர்ந்தார். அச்சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டன. ஆனால், பண்டிதரின் எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் அவர்களால் தொகுக்கப்பெற்று 1999ஆம் ஆண்டு முதல் நூலுருவில் வாழ்கின்றன. பொன் தீர்ந்தது, கேள்வி தீரவில்லை.

மராட்டிய மண்ணிலும் இதுவே நிகழ்ந்தது. 1924 ஜூலை 20ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் பம்பாயில் நிறுவிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா, மாணவர் விடுதிகளோடு நூலகங்களையும் படிப்பு வட்டங்களையும் தன் நோக்கங்களாகக் கொண்டது. உண்ண உணவும் உறங்க இடமும் மட்டும் தந்தால் போதாது, கூடிச் சிந்திக்கவும் இடம் வேண்டும் என்பதை அப்பெருமகனார் நன்குணர்ந்திருந்தார்.

இன்று நம் கூட்டங்கள் எவ்வாறு நடைபெறுகின்றன? மேடையில் சிலர் பேசுகின்றனர்; கீழே பலர் கைதட்டிக் கலைகின்றனர். மாலைக்கும் பொன்னாடைக்கும் செல்லும் நேரத்தில் பாதியேனும் வினாவுக்குக் கிடைப்பதில்லை. இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. நம் தெருப் பிள்ளை வகுப்பில் ஐயம் கேட்க அஞ்சுவதை ஆசிரியப் பணியில் நாம் பலகாலும் கண்டுள்ளோம். வகுப்பில் வாய் திறவாதவன் நாளை தாலுகா அலுவலகத்திலும் வாய் திறவான். தனக்குரிய உதவித்தொகையையும் பட்டாவையும் கேட்டுப் பெறான். அவன் அச்சம் தெளிய வேண்டிய முதல் இடம் நம் சங்கமே.

ஆதலின் மாதம் ஒரு நூலை எடுத்துக்கொள்வோம். அதனை ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ எடுத்துரைக்கட்டும். பின்னர் மூவரேனும் வினவட்டும்; பெண்டிர்க்கும் முதியோர்க்கும் அதில் முறை இருக்கட்டும். விடை தெரியாத வினாவை நடவடிக்கைப் புத்தகத்தில் குறித்து, விடை தேடி அடுத்த கூட்டத்திற்கு வருவோம். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு விளக்கும் ஒரு பாயும் போதும்.

இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்கம் பலரைப் படிக்க வைத்தது. இனிவரும் ஆண்டுகளில் அது அவர்களைக் கேட்க வைக்கட்டும். வளர்க நம் சங்கம்!