தொழுகையின் திசை: கிப்லா நிர்ணயத்தின் வரலாற்று வளர்ச்சி

இஸ்லாத்தின் ஐந்து கடமைகளான கலிமா, தொழுகை, நோன்பு, ஸகாத், ஹஜ் ஆகியவற்றுள் அன்றாடம் ஐந்து வேளையும் கண்ணுக்குத் தெரிவது தொழுகைதான். உளூ, வேளை, உடையின் தூய்மை ஆகியவற்றைப் போலவே கிப்லாவும் அதற்கு நிபந்தனை. தொழுபவர் மக்காவிலுள்ள கஅபாவை முன்னோக்கி நிற்க வேண்டும். தமிழ்நாட்டு முஸ்லிம்களுக்கு அது மேற்கு. இமாம் நிற்கும் மிஹ்ராப் பள்ளிவாசலின் மேற்குச் சுவரில் இருக்கும். மையவாடியில் மையித்தைத் தலை வடக்காக வைத்து, முகம் மேற்கே பார்க்க வலப்பக்கம் சாய்த்து அடக்குவார்கள். வீட்டில் மேற்கே கால் நீட்டிப் படுத்தால் பெரியவர்கள் அதட்டுவார்கள். இவ்வளவு ஊறிப்போன ஒரு திசை எப்படி வந்தது, நாட்டுக்கு நாடு எப்படிக் கணிக்கப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சில டிகிரி விலகி நிற்கும் பழைய பள்ளிவாசல்களைப் பிழை என்று ஒதுக்குவது அந்த வரலாற்றை அறியாமையே என்பது என் முடிபு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். முஸ்லிம்கள் கஅபாவை வணங்குவதில்லை. கிழக்கும் மேற்கும் இறைவனுக்கே உரியவை என்றும், முகத்தை இப்பக்கமோ அப்பக்கமோ திருப்புவது மட்டும் நன்மை ஆகிவிடாது என்றும் குர்ஆனின் இரண்டாம் அத்தியாயமே சொல்கிறது. அதே அத்தியாயம்தான் கஅபாவை நோக்கித் திரும்பும்படி கட்டளையும் இடுகிறது. இறைவன் திசைக்குள் அடங்காதவன். ஆனால் அவனை வணங்கும் சமூகம் ஒரே முகமாக நிற்க வேண்டும். கிப்லா பற்றிய பிற்காலச் சட்ட விவாதங்கள் அனைத்தும் இந்த இரண்டு கருத்துகளுக்கும் நடுவில் நடந்தவையே.

தொடக்கத்தில் திசை ஜெருசலேமாக இருந்தது. நபிகள் நாயகம் 622இல் மதீனாவுக்கு ஹிஜ்ரத் வந்த பின்னும் 16 அல்லது 17 மாதங்கள் அத்திசையிலேயே தொழுததாக ஹதீஸ்கள் கூறுகின்றன. ஹிஜ்ரி 2இல், அதாவது 624இல், கட்டளை மாறியது. ரமலான் நோன்பு கடமையானதும் பத்ருப் போர் நடந்ததும் அதே ஆண்டில்தான். மதீனாவுக்கு ஜெருசலேம் வடக்கு, மக்கா தெற்கு. ஆகவே சற்றே திரும்பினால் போதாது, முதுகு இருந்த பக்கம் முகம் வர வேண்டும். மதீனாவை அடுத்த குபாவில் ஃபஜ்ர் தொழுதுகொண்டிருந்தவர்களிடம் ஒருவர் வந்து செய்தி சொல்ல, அவர்கள் தொழுகையை விடாமல் அப்படியே திரும்பினார்கள் என்கிறது புகாரியில் உள்ள அறிவிப்பு. இமாம் வரிசைகளைக் கடந்து மறுகோடிக்குப் போகாமல் இது நடந்திருக்காது. மதீனாவில் நபிகளாரின் பள்ளியான மஸ்ஜிதுந் நபவியில் வடசுவர் பின்சுவர் ஆயிற்று. அங்கே கூரை வேய்ந்த இடத்தில்தான் வீடு வாசல் இல்லாத ஏழைத் தோழர்கள் தங்கினார்கள். திண்ணைத் தோழர்கள் என்று தமிழில் நாம் சொல்லும் அவர்களுக்கு இடம் கிடைத்ததே கிப்லா மாறியதால்தான்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. 624இல் முஸ்லிம்கள் கஅபாவை நோக்கித் திரும்பியபோது அது குறைஷிகள் கையில் இருந்தது. உள்ளேயும் சுற்றிலும் சிலைகள் இருந்தன. அவை அகற்றப்பட்டது 630இல், மக்கா வெற்றியின்போது. எதிரியின் வசமிருந்த ஓர் இல்லத்தை, அதில் அன்று இருந்ததற்காக அன்றி, இப்ராஹீம் நபி எழுப்பிய நோக்கத்துக்காகவே முன்னோக்கினார்கள். திசை மாற்றத்தின் ஆழ்ந்த பொருள் இதில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

நபிகளாரின் மறைவுக்குப் பின் இஸ்லாம் விரைந்து பரவியது. புதிய ஊரில் பள்ளி கட்டியவர்களிடம் வரைபடமும் கருவியும் இல்லை. அவர்களுக்குத் தெரிந்தது வானம். எகிப்தில் மார்கழிப் பருவத்துச் சூரியன் உதிக்கும் புள்ளியையும், இராக்கில் அதே பருவத்தில் அது மறையும் புள்ளியையும் கிப்லாவாகக் கொண்டார்கள். கஅபாவின் நீண்ட அச்சே சுஹைல் உதிக்கும் திசையை ஒட்டி அமைந்திருப்பதாக ஜெரால்டு ஹாக்கின்ஸ், டேவிட் கிங் ஆகிய ஆய்வாளர்கள் 1982இல் எழுதினார்கள். சுஹைல் என்பது நாம் அகத்திய விண்மீன் என்று அழைப்பதுதான். அம்ர் இப்னுல் ஆஸ் 641-642இல் பள்ளி எழுப்பிய ஃபுஸ்தாத்தில், குளிர்காலச் சூரிய உதயத்திசைக்கும் கணித வழித் திசைக்கும் ஏறத்தாழ 20 டிகிரி இடைவெளி உண்டு. கணிதம் வளர்ந்த பின்னும் எகிப்தியர் பழைய திசையை ஸஹாபாக்களின் கிப்லா என்று மதித்தார்கள். கொர்தோபாப் பெரிய பள்ளி கணித வழித் திசையிலிருந்து சுமார் 50 டிகிரி தெற்கே விலகி நிற்கிறது. பத்தாம் நூற்றாண்டில் கலீபா இரண்டாம் ஹகம் அதை விரிவாக்கியபோதும் முன்னோர் நின்ற திசையே தொடர்ந்தது.

மிஹ்ராபின் வரலாறும் இதனோடு சேர்ந்ததே. சுவரில் குடைவாக அமைந்த மிஹ்ராபை மஸ்ஜிதுந் நபவியில் முதலில் வைத்தவர் கலீபா வலீதின் ஆளுநராக இருந்த உமர் இப்னு அப்துல் அஸீஸ், காலம் 707-709.

கணிதம் ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வலுப்பெற்றது. சிக்கல் என்னவென்பதைச் சென்னையை வைத்தே பார்க்கலாம். மக்கா சென்னைக்கு அட்சரேகையில் சுமார் 8 டிகிரி வடக்கே, தீர்க்கரேகையில் சுமார் 40 டிகிரி மேற்கே உள்ளது. தட்டையான தாளில் இதைக் குறித்துக் கோடு போட்டால் கிப்லா மேற்கிலிருந்து 12 டிகிரி வடக்கே விழும். பூமி கோளம் என்பதைக் கணக்கில் கொண்டால் அது 18 டிகிரி. தெற்கே காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 24 டிகிரி. இந்தக் கோள முக்கோணக் கணக்கைத் தீர்க்கவே தலைமுறை தலைமுறையாக அறிஞர்கள் உழைத்தார்கள். கஸ்னாவின் கிப்லாவைத் துல்லியமாகக் காண்பதற்காக அல்பீரூனி 1025இல் ஒரு முழு நூலை முடித்தார். ஊர்களின் தீர்க்கரேகை வேறுபாடுகளைப் பாக்தாதிலிருந்து படிப்படியாகக் கணித்து வந்தார். நந்தனா கோட்டையருகே மலை மேலிருந்து தொடுவானத்தின் தாழ்வை அளந்து பூமியின் அளவைக் கண்ட முறையும் அதே நூலில்தான் இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் உமய்யாப் பள்ளியின் வேளைக் கணிப்பாளர் அல்கலீலி, ஏறத்தாழ 3,000 பதிவுகள் கொண்ட கிப்லா அட்டவணையைத் தயாரித்தார். ஒரு வணக்கத்தின் தேவை இவ்வளவு உயர்ந்த கணிதத்தைப் பிறப்பித்தது என்பதைப் பள்ளிப் பாடநூல்கள் சொல்ல வேண்டும்.

கட்டடக் கலைஞர்களுக்கு வேறொரு சவால்: தெரு ஒரு பக்கம், கிப்லா ஒரு பக்கம். 1125இல் கெய்ரோவில் கட்டிய அல்அக்மர் பள்ளியின் முகப்பு தெருவோடு ஒட்டி நிற்கிறது. உள்கூடம் கிப்லாவுக்குத் திரும்பியிருக்கிறது. இரண்டுக்குமான கோணத்தை முகப்புச் சுவரின் பருமனே ஏற்றுக்கொள்கிறது, ஒரு கோடியில் மெலிந்தும் மறுகோடியில் தடித்தும். சோழமண்டலக் கரையிலிருந்து போன சூலியா முஸ்லிம்கள் 1830களில் சிங்கப்பூரில் எழுப்பிய ஜாமியா சூலியா பள்ளியிலும் இதைக் காணலாம். வாயில் சவுத் பிரிட்ஜ் சாலையோடு நேராக நிற்க, தொழுகைக்கூடம் சாய்ந்து மக்காவை நோக்குகிறது.

சட்ட அறிஞர்கள் என்ன சொன்னார்கள்? தொலைவில் இருப்பவருக்குக் கஅபா இருக்கும் திசைப்புறம் போதும் என்பது ஹனஃபிகளின் நிலை. ஷாஃபிகளிடம் வலுவான கருத்து, கஅபாவையே குறிவைக்க முயல வேண்டும் என்பது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்கள் ஷாஃபி வழியினவாகவும், உள்நாட்டு ஊர்கள் பலவும் ஹனஃபி வழியினவாகவும் இருப்பதால் இந்த வேறுபாடு நமக்கு அயலானதன்று. இயன்றவரை முயன்று ஒரு திசையைத் தேர்ந்தவரின் தொழுகை நிறைவேறும் என்பதில் இரு சாராரும் ஒத்துப்போகிறார்கள்.

ஆனால் திருத்தம் வரும்போது மனம் புண்படுகிறது. ஜாவாவின் யோக்யகர்த்தாவில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், நேர் மேற்கே அமைந்த பெரிய பள்ளியின் தரையில் 24 டிகிரி வடக்கே சாய்த்து ஸஃப் கோடுகள், அதாவது தொழுகை வரிசைக் கோடுகள், வரையப்பட்டன. அதற்குப் பின்னால் இருந்தவர் அஹ்மத் தஹ்லான். கோடுகள் அழிக்கப்பட்டன; திருத்திய திசையில் அவர் கட்டிய சிறு தொழுகைக்கூடமும் இடிக்கப்பட்டது. 1912இல் அவர் தொடங்கிய முஹம்மதியா இன்று இந்தோனேசியாவின் மாபெரும் அமைப்புகளில் ஒன்று. 2010இல் அந்நாட்டு உலமா மன்றம் கிப்லா மேற்கு என்று ஃபத்வா கொடுத்து, சில மாதங்களிலேயே வடமேற்கு என்று திருத்தியது.

சரிபார்க்கக் கைபேசி செயலி வேண்டியதில்லை. நஸீருத்தீன் தூஸி பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே குறித்துவைத்த வழி உண்டு. ஆண்டுக்கு இருமுறை சூரியன் கஅபாவின் உச்சிக்கு நேரே வருகிறது. நம் நேரப்படி மே 28 பிற்பகல் 2.48க்கும் ஜூலை 16 பிற்பகல் 2.57க்கும், லீப் ஆண்டில் ஒரு நாள் முன்னதாக. அந்நேரம் செங்குத்தாக நட்ட கம்பின் நிழலுக்கு நேர் எதிர்ப்பக்கம் கிப்லா.

சோதித்து வேறுபாடு தெரிந்தால் ஸஃப் கோடுகளைச் சாய்த்துப் போட்டுக்கொள்ளலாம். ஜமாஅத்துகள் பலவும் அப்படியே செய்கின்றன. புதுப்பிக்கிறோம் என்று பழைய மிஹ்ராபை இடிக்க முனையும் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். கடப்பாரை வைக்கும் முன் அச்சுவரின் திசைக் கோணத்தை அளந்து, படமெடுத்து, பள்ளிப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். உங்கள் ஊர் முன்னோர் எந்த அறிவைக் கொண்டு மக்காவைத் தேடினார்கள் என்பதற்கு வேறு ஆவணம் பெரும்பாலும் கிடையாது.