கேலி என்று பெயர் வைத்தவர்கள்

1996இல் அவிநாசியிலிருந்து கோவைக்கு பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் அழுதபடி வீட்டுக்கு வந்தேன். "ஈவ் டீசிங்தானே, விடு" என்றான் அண்ணன். அம்மாயி காதில் அது 'ஈவு டீசிங்கு' என்று விழுந்தது. அவளுக்குத் தெரிந்த ஈவு, ஈவு இரக்கம்தான்.

"அதென்ன கண்ணு?"

"கேலி பண்றது, அம்மாயி."

"கேலி பண்றதுக்கு மொற வேணும். மாமன் மச்சான் பண்ணுனா கேலி. எவனோ ஒருத்தன் மேல கைய வெச்சா அதுக்குப் பேரு கேலியா?"

ஆங்கிலச் சொற்கள்தான், ஆனால் ஆங்கிலேயர் தந்த தொடரல்ல. விடுதலைக்குப் பின் பெண்கள் கல்லூரிக்கும் வேலைக்கும் கூடுதலாக வரத் தொடங்கிய காலத்தில், 1950கள், 60களின் இந்திய ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வந்தது. ஈவ் என்பவள் பைபிளின் ஏவாள். கனியைத் தின்று ஆதாமுக்கும் கொடுத்த பழியைச் சுமப்பவள். பாதிக் குற்றம் பெயரிலேயே அவள் தலையில். 'டீஸ்' மிகப் பழைய வினை; கம்பளி இழைகளைப் பிய்த்துப் பிரிப்பது அதன் முதல் பொருள். எங்கள் ஊர்ப்பக்க மில்களில் கார்டிங் பார்த்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும். பிய்ப்பது சீண்டலாகி, சீண்டல் விளையாட்டாகிவிட்டது. எழுதுவதிலும் ஒழுங்கில்லை: ஈவ்-டீசிங், ஈவ்டீசிங், ஈவ் டீஸிங்.

1998 ஜூலையில் சென்னை எத்திராஜ் கல்லூரி மாணவி சரிகா ஷா, ஆட்டோவில் வந்த ஆண்களின் அத்துமீறலில் கீழே விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். அந்த ஆண்டே தமிழ்நாடு தனிச்சட்டம் கொண்டுவந்தது. பெயர்: ஈவ் டீசிங் தடைச் சட்டம். ஓர் உயிர் போன பிறகும் சீண்டல்தான்! உள்ளே வரையறையைப் படித்தால் மிரட்டல், தாக்குதல், பலப்பிரயோகம் எல்லாம் இருக்கின்றன. பயணி புகார் சொன்னால் பஸ்ஸையே போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓட்டிப் போகவேண்டும் என்றும் ஒரு பிரிவு உண்டு. நான் ஏறிய எந்த பஸ்ஸும் அப்படித் திரும்பியதில்லை.

2002இல் சட்டத்தின் பெயரிலிருந்து ஈவ் டீசிங் போய், பெண்களைத் துன்புறுத்துதல் என்று வந்தது. வாய்வழக்கு மாறவில்லை. தென்காசி பேருந்து நிலையத்தில் ஒரு போலீஸ்காரர் பெண்ணிடம் தவறாக நடந்த வழக்கில், 2012இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தொடரையே எழுதியது. கூடவே அது ஓர் இடக்கரடக்கல் என்றும் ஒத்துக்கொண்டது. சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைப்பது இடக்கரடக்கல் என்று பள்ளியில் படித்தோம். இங்கே கூசியது யார்?

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். "பஸ்ல டீசிங்குங்க்கா." ஈவ் உதிர்ந்துவிட்டிருந்தது. என்ன செய்தான் என்று கேட்டேன். தமிழில் சொன்னாள். சொன்னதை அப்படியே புகாரில் எழுதினோம்.