என்.எஃப்.எல். டிராஃப்ட்
அமெரிக்கக் கால்பந்தின் 32 தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வு. 1936இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கியது; 1994 முதல் ஏழு சுற்றுகளாக நடைபெறுகிறது. முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கே முதல் வாய்ப்பு. அணிகள் தம் வாய்ப்புகளைப் பரிமாறிக்கொள்ளலாம்.

எஞ்சியோரில் சிறந்தவரை எடுப்பதா, அணியின் பலவீனமான இடத்தை நிரப்புவதா என்பதே ரசிகர் விவாதங்களின் மையம். 1998இல் முதலில் எடுக்க வேண்டியது கல்லூரி வீரர் பெய்டன் மானிங்கையா, ரயன் லீஃபையா என்ற வாதம் சூடுபிடித்தது. முதலில் தேர்வான மானிங் சாதித்தார். அடுத்துத் தேர்வான லீஃப் சோபிக்கவில்லை. 1999இல் ரிக்கி வில்லியம்சை எதிர்பார்த்த ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் ரசிகர்கள், டோனவன் மெக்நாபின் பெயர் அறிவிக்கப்பட்டதும் எதிர்ப்புக் கூச்சலிட்டனர். அவரே பின்னர் அணியை சூப்பர் பவுல் எனும் இறுதிப்போட்டி வரை அழைத்துச் சென்றார். 2000இல் 199ஆவதாகத் தேர்வான டாம் பிரேடி ஏழு சூப்பர் பவுல்களை வென்றார்.