கிரானைட் பாறைக்குள் தங்கம் எப்படி வருகிறது?

புக்கிட் தீமா மலை ஏறியிருப்பீர்கள். அங்கே உங்கள் காலடியில் இருப்பது கிரானைட், அதாவது கருங்கல். சீனாவின் ஆகப் பெரிய தங்க வட்டாரத்திலும் தங்கம் இருப்பது கிரானைட்டில்தான். அப்போ, புக்கிட் தீமாவிலும் தோண்டினால் தங்கம் கிடைக்குமா?

பாறையின் பெயரை மட்டும் வைத்து அதைச் சொல்லிவிட முடியாது. பாறை எங்கே, எப்படி உடைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பாறை முதலில், தங்கம் பிறகு

சீனாவின் ஷான்டோங் மாநிலத்தில், கடலை நோக்கி நீண்டிருக்கிறது ஜியாவ்டோங் தீபகற்பம். அங்குள்ள லிங்லோங் கிரானைட் உருவாகிச் சுமார் 16 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் அதில் இருக்கும் தங்கத்தின் வயது சுமார் 12 கோடி ஆண்டுதான். பாறைக்குழம்பு ஆறி, இறுகி, வெகுகாலம் கழித்தே தங்கம் உள்ளே வந்திருக்கிறது.

இறுகிய கிரானைட்டில் நீர் எளிதில் புகாது. மணற்கல்லில் இருப்பது மாதிரி நுண்துளைகள் அதில் இல்லை. தங்கம் உள்ளே வர வேண்டுமானால் பாறை உடைய வேண்டும்.

பாறை உடைந்து, ஒரு பக்கம் மறுபக்கத்தை உரசியபடி நகர்ந்த இடத்தைப் பிளவுப்பெயர்ச்சி என்பார்கள். ஜியாவ்டோங்கின் பெரிய சுரங்கங்கள் பல, சான்ஷான்டாவ், ஜியாவ்ஜியா, சாவ்பிங் ஆகிய மூன்று பெரிய பிளவுகளை ஒட்டியே அமைந்துள்ளன.

குக்கர் விசில் தெரியும்தானே?

பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் சூடான நீர். வெப்பம் ஏறத்தாழ 200 முதல் 350 டிகிரி செல்சியஸ் வரை. அதில் கரைந்திருக்கும் கந்தகம் தங்கத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறது.

பிளவு அடைபட்டிருக்கும்போது அடியில் அழுத்தம் ஏறுகிறது. ஒரு கட்டத்தில் நிலம் அதிர்ந்து, பிளவு திறந்துகொள்கிறது. நீர் மேலே பாய, அழுத்தம் சட்டென இறங்குகிறது. குக்கரில் விசில் வருகிற மாதிரிதான். அழுத்தம் இறங்கியதும், கரைந்திருந்தவற்றை நீரால் சுமக்க முடியாது. குவார்ட்ஸ் படிகமும் தங்கமும் படிந்து வழியை அடைக்கின்றன. மறுபடியும் அழுத்தம் ஏறும், மறுபடியும் பிளவு திறக்கும். இப்படிப் பலமுறை நடந்தால்தான் சுரங்கம் அமைக்கும் அளவுக்குத் தங்கம் சேரும்.

பாறையிலுள்ள இரும்புக்கும் பங்குண்டு. அது நீரிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து பைரைட் ஆகிறது. பொன்னிறத்தில் மின்னி, தங்கமென்று பலரை ஏமாற்றும் கனிமம் அது. கந்தகம் போனதும் தங்கத்துக்குப் பிடிப்பு இல்லை. அங்கேயே தங்கிவிடுகிறது.

எல்லா விரிசலும் ஒன்றல்ல

பிளவு நேராகப் போகும் இடத்தைவிட, அது வளையும் இடமும், சாய்வு மாறும் இடமும், இரு பிளவுகள் சந்திக்கும் இடமும் முக்கியம். பாறை நகரும்போது அங்கேதான் இடைவெளி திறக்க வாய்ப்பு அதிகம்.

ஜியாவ்ஜியாவில், உரசலில் அரைபட்ட பாறை களிமண் போன்ற மாவாகி, மூடி போல் படர்ந்துள்ளது. மேலே வந்த நீர் அதைத் தாண்டவில்லை. அதனால் பெரும்பாலான தங்கம் மூடிக்குக் கீழே, நொறுங்கிய கிரானைட்டில் பொடிப்பொடியாகப் பரவியிருக்கிறது. லிங்லோங்கில் கதை வேறு. அங்கே திறந்த பிளவுகளை குவார்ட்ஸ் நிரப்பியது. தங்கம் அந்த வெள்ளை நரம்புகளுக்குள் இருக்கிறது.

இது ஏன் முக்கியம்?

ஒரு டன் பாறையில் 2 கிராம் தங்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டில் சொல்கிறோமே ஒரு பவுன், அந்த 8 கிராமை எடுக்க 4 டன் பாறையை உடைத்து அரைக்க வேண்டும். தங்கத்துக்காக மலை முழுவதையும் தோண்ட முடியாது. பிளவு போகும் திசையைத் தவறாகக் கணித்தால், துளையிட்ட செலவெல்லாம் வீண்.

பணம் மட்டுமல்ல, உயிரும் இதில் இருக்கிறது. சான்ஷான்டாவில் கடலுக்கு அடியிலும் தங்கம் வெட்டுகிறார்கள். அங்கே பிளவிலுள்ள களிமண் அடுக்கு கடல்நீரைத் தடுக்க உதவுகிறது. ஆனால் குறுக்கே ஓடும் வேறு பிளவுகள் அதே நீரைச் சுரங்கத்துக்குள் கொண்டுவந்துவிடலாம். தங்கம் வந்த மாதிரியே தண்ணீரும் வரும். அதனால் ஒவ்வொரு பிளவையும் வரைபடத்தில் குறிப்பது ஊழியர்களின் பாதுகாப்புக்கும் அவசியம்.

சரி, புக்கிட் தீமா?

அந்த கிரானைட்டுக்கு வயது 20 கோடி ஆண்டுகளுக்கும் மேல். அதிலும் விரிசல்கள் உண்டு. ஆனால் விரிசல் மட்டும் போதாது. தங்கம் சுமந்த நீர் அந்த வழியாக வந்திருக்க வேண்டும். சுமையை அங்கேயே இறக்கியிருக்கவும் வேண்டும். புக்கிட் தீமா குவாரிகளில் வெட்டியெடுத்தது கட்டுமானத்துக்கான கல்தான்.

மலேசியாவின் ரவுப் வட்டாரத்தைப் பாருங்கள். பக்கத்திலேயே தித்திவாங்சா மலைத்தொடரின் கிரானைட் இருக்கிறது. ஆனால் ரவுப்பின் புகழ்பெற்ற தங்கம் கிடைத்தது, அதற்குக் கிழக்கே உடைந்து மடிந்த படிவுப் பாறைகளில். அங்கேயும் வழிவிட்டது விரிசல்தான்.

அடுத்த முறை ஹிண்ட்ஹீட் குவாரிப் பக்கம் போனால், எதிரே தெரியும் பாறைச் சுவரிலுள்ள கோடுகளைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். தங்கம் தேடுபவர்கள் முதலில் பார்ப்பது அந்த மாதிரிக் கோடுகளைத்தான்.