பனியில் பாயும் வல்லூறு: லில்யெஃபோர்ஸின் குளிர்கால ஓவியம்

ஸ்வீடனின் உப்சாலா நகரில் 1860இல் பிறந்த புரூனோ லில்யெஃபோர்ஸ், 1883–84 குளிர்காலத்தில் ‘வல்லூறும் கருங்கோழிகளும்’ என்னும் எண்ணெய் வண்ண ஓவியத்தை வரைந்தார். பனி மூடிய புதர்களிடையே கூடியிருந்த கருங்கோழிகள் என்னும் காட்டுப்பறவைகளின்மீது வேட்டைப் பறவை பாயும் கணமே அதன் பொருள். அந்தப் பறவை கோஸ்ஹாக். தமிழகத்தில் வல்லூறு எனப்படும் பறவைக்கு நெருங்கிய உறவும், அதைவிட உருவில் பெரியதுமான அதையே இங்கு வல்லூறு என்கிறோம்.

கண்ணெதிரே நிகழ்ந்ததைப் போல் தோன்றும் இக்காட்சி, உண்மையில் உயிரற்ற பறவைகளைக் கொண்டு அமைக்கப்பட்டது. தாமே கொன்ற இளம் வல்லூறையும் இறந்த கோழிகளையும் திறந்த வெளியில், வளைத்த புதர்களுக்கு நடுவே நிறுத்தி, அவற்றுக்கு உயிர்த்தோற்றம் தர மிகவும் பாடுபட்டதாக ஓவியரே பின்னர் எழுதியிருக்கிறார். எனினும் இதைப் பொய்க்காட்சி என ஒதுக்குவது தவறு. உப்சாலாவுக்கு அருகே ஏரன்டூனாவில் வாழ்ந்தபோது, வீட்டைச் சூழ்ந்த புல்வெளிகளில் கருங்கோழிக் கூட்டங்களைக் கண்டு பழகிய நினைவே அந்த உடல்களுக்கு இயக்கம் கொடுத்தது. இறந்த பறவையிடமிருந்து இறகின் அடுக்கையும் நிறத்தையும் பெறலாம்; கூட்டம் எவ்வாறு சிதறும் என்பதை அதனிடம் கற்க இயலாது.

குளிர்காலம் இங்கு வெறும் பின்புலம் அன்று. கருங்கோழிச் சேவலின் உடல் கருமையானது. கோடையில் அடர்ந்த செடிகளின் நிழல் அதற்குத் தரும் மறைவை வெண்பனி முற்றிலும் பறித்துவிடுகிறது. பூமியில் இரை அருகும் மாதங்களில் பெரும்பாலும் பிர்ச் மரத்தின் மொட்டுகளையும் பூங்கொத்துகளையும் தின்றே அது பிழைக்கிறது; கடுங்குளிரில் பனியைக் குடைந்து உள்ளே பதுங்கி உடல் வெப்பத்தைக் காக்கிறது. பதுங்கிடத்தைவிட்டு வெளிவரும் ஒவ்வொரு முறையும் அதன் கரிய உருவம் வெண்பரப்பில் தனித்துத் தெரியும் என்பதை அறிந்தவருக்கே, ஓவியத்தில் வண்ணங்களின் மோதல் அழகுக்காக மட்டும் அமைந்ததன்று என்பது விளங்கும்.

லில்யெஃபோர்ஸ் வேட்டைக்காரர், ஆனால் வெற்றிப்பொருளைப் பறைசாற்றும் பழைய வேட்டை ஓவியங்களின் வழியை அவர் இங்கே பின்பற்றவில்லை. மனிதனோ துப்பாக்கியோ நாயோ காட்சியில் இல்லை. வல்லூறு கொடியதாகவோ கோழி பரிதாபத்துக்குரியதாகவோ தீட்டப்படவும் இல்லை. பசித்த பறவையும் தப்ப முயலும் பறவையும் ஒரே குளிருக்கு ஆட்பட்டவை என்னும் அறிவு இந்த ஓவியத்தின் பெருஞ்சிறப்பாகும். இதற்கு இறந்த பறவைகளைப் பயன்படுத்திய அவர், பிற்காலத்தில் நரி, முயல் முதலியவற்றை வீட்டிலேயே வளர்த்து, உயிருள்ள அசைவை நாள்தோறும் கவனித்து வரைந்தார்.